ஓலைச்சுவடியைக் காப்பாற்றும் காலப்பயணக் கதை: எழுத விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலையில் பாடப் புத்தகத்தில் இருந்த பாட்டு மாலையில் காணவில்லை. நேற்று மனப்பாடமாகச் சொன்ன தாத்தாவுக்கு இன்று முதல் அடியே நினைவில்லை. பழைய நூல்கள் ஒவ்வொன்றாக உலகத்திலிருந்தே அழிந்துகொண்டு வருகின்றன. யாராவது காலத்தில் பின்னோக்கிப் போய் அவற்றைக் காப்பாற்றியாக வேண்டும், அதுவும் வாசிக்கிறவர் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி. இப்படி ஒரு கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது வெள்ளைக்காரர்கள் எழுதுகிற மாதிரிக் கதை ஆயிற்றே. தமிழில் எடுபடுமா?

தமிழுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது. மற்ற இடங்களில் "இலக்கியம் அழிந்துபோனால்" என்று கற்பனை செய்ய வேண்டும். நமக்கு அது பாதி நடந்தே முடிந்துவிட்டது. பரிபாடலில் எழுபது பாட்டு இருந்ததாகச் சொல்லப்படுகிறது. முழுதாகக் கிடைத்தவை 22. பதிற்றுப்பத்தில் முதல் பத்தும் இல்லை, கடைசிப் பத்தும் இல்லை. ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் மற்ற நூல்களில் மேற்கோளாக ஒட்டிக்கொண்டிருந்த செய்யுள்களால் மட்டும் உயிரோடு இருக்கின்றன. வளையாபதியில் எழுபத்திரண்டு, குண்டலகேசியில் பத்தொன்பது.

மிச்சமுள்ளவையும் மயிரிழையில் தப்பியவைதான். சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் உரையோடு முழுதாக அச்சிட்டது 1892-ல். புறநானூறு 1894-ல். மணிமேகலை 1898-ல். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் நன்றாகத் தமிழ் படித்த ஒருவரிடம் போய்க் கேட்டிருந்தால், இவற்றின் பெயரைத் தவிர வேறொன்றும் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆக, உங்கள் கதைக்கு அடித்தளம் தயாராக இருக்கிறது. கற்பனை செய்ய வேண்டியது இயந்திரத்தை மட்டும்தான்.

வில்லன் யார்? நூல்களை அழிக்கிற ஒரு ரகசியக் கூட்டம் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் உண்மையான வில்லன்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அவர்கள் இன்னும் சுவாரசியமானவர்கள்.

முதலாவது ஏட்டை அரித்துத் தின்னும் ராமபாணப் பூச்சி. யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியில் பிறந்து சென்னையில் இருந்து பழைய நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை, 1887-ல் கலித்தொகையை வெளியிட்டபோது தன் கைக்கு வந்த சுவடிகளின் நிலையைப் பதிப்புரையில் சொல்கிறார். எடுத்தால் ஓரம் உதிர்கிறது. கட்டை அவிழ்த்தால் இதழ் முறிகிறது. ஓர் ஏட்டைப் புரட்டினால் துண்டாகப் பறக்கிறது. எழுத்துகளோ தலையும் வாலும் இல்லாமல், நாலு பக்கமும் பாணப்பூச்சி உழுதுபோட்ட நிலையில் கிடக்கின்றன. பேசத் தெரிந்த, நல்ல பசியுள்ள, யாப்பிலக்கணத்தில் புலமை பெற்ற ஒரு ராமபாணப் பூச்சியை நான் என் கதையில் வைத்திருக்கிறேன். வெண்பா அதற்குப் பிடிக்கும். ஆசிரியப்பா வயிற்றுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது வில்லன் பக்தி. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணராம பாண்டியர் காலத்துச் சுவடிகள் இருந்தன என்று கேள்விப்பட்டு சாமிநாதையர் அங்கே போகிறார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, நெய்யில் தோய்த்து அக்கினியில் இட வேண்டும் என்று யாரோ சொன்னதால் குழிவெட்டித் தீ வளர்த்து ஆகுதி செய்துவிட்டோம் என்று பதில் கிடைக்கிறது. திருநெல்வேலியில் ஒரு வக்கீல் வீட்டில், வண்டிக்கணக்கில் இருந்த ஏடுகளை ஆடிப் பதினெட்டு அன்று தேர் மாதிரி கட்டி ஆற்றில் விட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். செய்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. மரியாதையாக வழியனுப்புகிறோம் என்று மனதார நம்பித்தான் செய்தார்கள். அவர்களை உங்கள் நாயகி எப்படித் தடுப்பாள்? சண்டை போட முடியாது, திட்டவும் முடியாது. இங்கேதான் நல்ல நகைச்சுவை பிறக்கிறது.

மூன்றாவது சமையலறை. தென்னிந்திய மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்று 1816-லேயே அச்சில் எடுத்துக்காட்டிய ஆங்கில அதிகாரி எல்லிஸ் 1819-ல் இராமநாதபுரத்தில் இறந்தார். அவர் விட்டுப்போன காகிதங்கள் மதுரைக் கலெக்டர் வீட்டில் மாதக்கணக்கில் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் போயின என்று பின்னாளில் வால்டர் எலியட் பதிவு செய்திருக்கிறார். காலப்பயணி அந்தச் சமையலறைக்குள் உதவியாளாகச் சேர்ந்து, தினமும் சமையல்காரருக்கு விறகு தேடிக் கொடுத்தே காகிதங்களைக் காப்பாற்றுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அத்தியாயம் முழுக்க ஓடும்.

ஒரு வேண்டுகோள். எந்தச் சாதியையும் மதத்தையும் ஊரையும் வில்லனாக்காதீர்கள். சமணர் நூலைச் சைவ மடம் காத்திருக்கிறது, சைவப் பாட்டை எங்கோ ஒரு கிராமத்துக் கணக்குப்பிள்ளை காத்திருக்கிறார். உண்மை அவ்வளவு கலந்து கிடக்கிறது.

எந்த ஆண்டுக்குப் போனால் கதை சூடு பிடிக்கும்?

நான் தேர்ந்தெடுத்தது 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம். அன்று சண்டை இல்லை, வெள்ளம் இல்லை. இரண்டு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்து பேசினார்கள், அவ்வளவுதான்.

ஒருவர் ஊருக்குப் புதிதாக முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட்டு நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார். இன்னொருவர் கும்பகோணம் கல்லூரியில் அந்த ஆண்டுதான் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்த சாமிநாதையர், வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் என்ற பெருமிதம் அவருக்கு உண்டு. அந்தப் பெயரைச் சொன்னாலே எல்லாரும் எழுந்து நின்று வரவேற்பார்கள். முதலியார் அசையவில்லை. என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று அடுக்குகிறார். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிறார். இவர் கம்பராமாயணம் வரைக்கும் போகிறார். அதற்கும் அவர் அசரவில்லை. கடைசியில் கேட்கிறார், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? மணிமேகலை? சிலப்பதிகாரம்?

படித்ததில்லை. கண்ணால் பார்த்ததும் இல்லை. அன்று வீட்டுக்குப் போனபோது சாமிநாதையர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த முறை போனபோது முதலியார் கையால் எழுதிய சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுக்கிறார். அது 1887-ல் அச்சானது. அதிலிருந்துதான் மற்ற எல்லாம்.

இப்போது உங்கள் காலப்பயணி உள்ளே வருகிறான். அவன் செய்ய வேண்டியது எதையும் செய்யாமல் இருப்பதுதான். முதலியாரைச் சந்திக்கச் சாமிநாதையர் கிளம்பும் நேரத்தில் இவன் வழியில் நின்று காலில் விழுகிறான், ஐயா உங்களால்தான் எங்களுக்குப் புறநானூறே கிடைத்தது என்று அழுகிறான். புறநானூறா, அது என்னப்பா என்று அவர் நின்றுவிடுகிறார். அங்கே முதலியார் கோர்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். முழு வரலாறும் வாசற்படியில் தொங்குகிறது.

இயந்திரத்தில் தேதியை எப்படி அமைப்பது?

ஆங்கில ஆண்டில் அமைக்காதீர்கள். தமிழ் ஆண்டில் அமையுங்கள். சுவடிகளின் கடைசியில் எழுதி முடித்த காலத்தைக் குறிப்பிடும் பழக்கம் உண்டு. பெரும்பாலும் அறுபது ஆண்டு வட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். அந்தப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். எந்த வட்டம் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

1880 அக்டோபர் 21 என்பது விக்கிரம வருஷம் ஐப்பசி. உங்கள் ஆள் "விக்கிரம, ஐப்பசி" என்று அமுக்குகிறான். போய் இறங்குவது 1820-ல். அங்கே சாமிநாதையர் பிறக்கவே முப்பத்தைந்து ஆண்டு இருக்கிறது. அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு ஐந்து வயது. மறுபடி அமுக்கினால் 1940. இந்த முறை சாமிநாதையர் இருக்கிறார், எண்பத்தைந்து வயதில், ஆனந்த விகடனில் தன் வாழ்க்கை வரலாற்றை வாராவாரம் எழுதிக்கொண்டு. "ஐயா, முதலியார் வீட்டுக்குப் போய்விட்டீர்களா?" என்று மூச்சிரைக்கக் கேட்கிறான். "போய் அறுபது வருஷம் ஆகிறதே" என்கிறார் பெரியவர். இந்த இடத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

காணாமல்போன சுவடியைத் தூக்கிக்கொண்டு நிகழ்காலத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்துவிடுமே?

பலரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். இதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பனையோலைச் சுவடி நன்றாகப் பராமரித்தால் இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கும். அதற்குமேல் தாங்குவது அபூர்வம். சங்கப் பாட்டுகளின் வயது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு. கபிலர் காலத்து ஓலை எதுவும் சாமிநாதையர் கைக்கு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. வந்தது படியின் படியின் படி. இருநூறு முந்நூறு ஆண்டுக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, இடது கையில் ஓலையையும் வலது கையில் எழுத்தாணியையும் பிடித்து, முதல் பாட்டு தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை கீறியிருக்கிறார். குறைந்தது ஆறேழு முறை இது நடந்திருக்க வேண்டும். ஒரே ஒரு தலைமுறையில் ஒருவர் "இதை யார் படிக்கப்போகிறார்கள்" என்று எழுத்தாணியைக் கீழே வைத்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும். வளையாபதிக்கு அப்படித்தான் அறுந்தது.

அதனால் சுவடியைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் காப்பாற்றுகிறவன் இல்லை. அவன் திருடன், அந்தச் சுவடியைப் பார்த்துப் படி எடுக்க வேண்டியவரிடமிருந்து அவன் அதைப் பிடுங்கிவிட்டான். அவன் திரும்பி வரும்போது, கையிலிருக்கிற ஏட்டைத் தவிர அந்த நூல் உலகத்தில் எங்கேயும் இருக்காது, அதை வாசிக்கத் தெரிந்தவர்களும் இருக்க மாட்டார்கள். என் கதையில் காலப்பயணிகளுக்கு ஒரே ஒரு சட்டம்: ஏட்டைத் தொடாதே, எழுதுகிறவரை எழுந்திருக்க விடாதே. கொசு கடித்தால் விசிறு. விளக்கில் எண்ணெய் ஊற்று. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் அவருக்குப் பதிலாக நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா. உலகத்தைக் காக்கும் வீரச் செயல்கள் எல்லாம் இந்த அளவில் இருப்பதுதான் இந்தக் கதையின் சிரிப்பு, அதுதான் இதன் உண்மையும்.

கதாநாயகனுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். சுவடியைப் படித்துவிடுவான் இல்லையா?

மாட்டான். இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

பழைய ஏட்டில் புள்ளி வைக்க மாட்டார்கள். க என்று இருந்தால் அது க-வாகவும் இருக்கலாம், க்-ஆகவும் இருக்கலாம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்பு. இரட்டைக் கொம்பு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்த சீர்திருத்தம். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். ஆகவே "கோபம்" என்று எழுத நினைத்தவர் எழுதினால் ஏட்டில் நமக்குத் தெரிவது "கெரபம". அது கோபமா, கொபமா, கெரபமா என்பதைச் சுற்றியுள்ள சொற்களையும் யாப்பையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் சுற்றியுள்ள சொற்களுக்கும் இதே கதிதான்! சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. அடி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போகும் வழக்கமும் இல்லை. பாட்டு, உரை, மேற்கோள் எல்லாம் ஒரே ஓட்டமாக ஓலை முடியும்வரை போகும். போதாததற்கு, புதிதாக எழுதிய ஏட்டில் கீறல் மட்டும்தான் இருக்கும். மஞ்சளும் கரியும் பச்சிலைச் சாறும் கலந்து தடவித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

இதைச் சரியாகக் காட்டினால் உங்கள் கதாநாயகன் முதல் அத்தியாயத்திலேயே வீழ்ந்துவிடுவான். ஆகவே அவனுக்குப் படித்துக் காட்ட அந்தக் காலத்து ஆள் ஒருவர் வேண்டும். பத்து வயதுத் திண்ணைப் பள்ளிச் சிறுமியோ சிறுவனோ இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பட்டம் வாங்கியவன் ஏட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறான் என்று அந்தக் குழந்தைதான் திருத்த வேண்டும்.

சுற்றி வளைப்பானேன்? நேரே சங்க காலத்துக்கே போய்விடலாமே?

போகலாம், சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மிளகாய் இல்லை, தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கப்பலில் பிற்காலத்தில் வந்தவை. காப்பியும் கிடையாது. மிளகு உண்டு, தினை உண்டு, வரகு உண்டு, கருவாடு உண்டு, கள் தாராளமாக உண்டு.

அங்கே போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் ஒரே வேலை பெயர் கேட்பது. குறுந்தொகையில் பல புலவர்களின் சொந்தப் பெயர் தொலைந்துவிட்டது. தொகுத்தவர்கள் அந்தந்தப் பாட்டில் வரும் ஒரு தொடரையே பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், விட்ட குதிரையார் எல்லாரும் இப்படி வந்தவர்கள்தான். இவர்களோடு குப்பைக் கோழியார் ஒருவர் இருக்கிறார். குப்பைமேட்டில் தாமாகச் சண்டையிடும் கோழிகளைப் பிரித்துவிட ஆள் இல்லாததுபோல், என் காமநோயையும் களைவார் இல்லை, அது தானாக ஓய்ந்தால்தான் உண்டு என்று ஒரு பெண் சொல்கிற பாட்டு அது. அவ்வளவு நுட்பமாகப் பாடிய மனிதரை இரண்டாயிரம் ஆண்டாகக் குப்பைக் கோழியார் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் பயணி அவரைக் கண்டுபிடித்து, "ஐயா, நீங்கள்தானே குப்பைக் கோழியார்?" என்று வணக்கத்தோடு கேட்கட்டும். மற்றதை அவரே பார்த்துக்கொள்வார். அடி வாங்காமல் தப்பித்து வந்தால் ஒரு நல்ல அத்தியாயம். அவருடைய உண்மைப் பெயரோடு வந்தால் அதைவிட நல்ல அத்தியாயம். ஆனால் அந்தப் பெயரை வாசகருக்குச் சொல்லாதீர்கள். நாமாக ஒன்றைச் சூட்டினால் பொய்யாகிவிடும்.

கபிலரும் ஔவையாரும் எப்படிப் பேச வேண்டும்? செய்யுளாகவா?

தயவுசெய்து வேண்டாம். வீட்டில் யாரும் அகவற்பாவில் தண்ணீர் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் சாதாரணமாகப் பேசட்டும். பழைய காலம் என்ற உணர்வுக்கு, பிற்காலச் சொற்களை அவர்கள் வாயிலிருந்து எடுத்துவிட்டாலே போதும்.

அச்சிட்ட புறநானூற்றைக் கொண்டுபோய்க் கபிலர் கையில் கொடுத்துவிட்டால் என்ன ஆகும்?

அவர் அதைப் பார்த்தே பாட்டுகளை எழுதிவிட்டார் என்றால், அந்தப் பாட்டுகளை இயற்றியது யார் என்ற முடிச்சு விழும். காலப்பயணக் கதைகளில் இது பழகிப்போன முடிச்சு. தமிழில் இதைவிட நல்ல முடிச்சு பாடபேதம். ஒரே பாட்டுக்கு ஒரு சுவடியில் ஒரு சொல், வேறு சுவடியில் வேறு சொல். பதிப்பாசிரியர்கள் இரண்டையும் எடைபோட்டு ஒன்றை மேலே வைத்து மற்றதை அடிக்குறிப்பில் போடுவார்கள். உங்கள் பயணி கபிலரிடமே போய், எது சரி என்று கேட்கிறான். அவர் இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறார். "நான் சொன்னது இரண்டும் இல்லை. ஆனால் இந்த இரண்டாவது நன்றாக இருக்கிறதே, யார் போட்டது?" என்கிறார். அதை மாற்றி எழுதிய பெயர் தெரியாத அந்த ஏடெழுதுநருக்கு இதைவிடப் பெரிய பரிசு உண்டா?

வளையாபதியை மீட்கலாமா?

எல்லாரும் ஆசைப்படுவது இதற்குத்தான். இடமும் காலமும் கூடத் தெரியும். தன் ஆசிரியர் இருந்த நாளில் திருவாவடுதுறை மடத்தில் வளையாபதிச் சுவடியைப் பார்த்ததாகச் சாமிநாதையரே எழுதியிருக்கிறார். அப்போது அவர் இளைஞர். அந்த மாதிரிப் பழைய நூல்களில் மனம் போகவில்லை. பிறகு தமிழ்நாடெங்கும் தேடியும் கிடைக்கவில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தது 1876 பிப்ரவரியில். ஆகவே நீங்கள் போக வேண்டியது 1870-களின் முதல் பாதி, திருவாவடுதுறை.

அங்கே அந்த இளைஞரின் தோளைத் தட்டி, "அதை எடுத்துப் படியுங்கள்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் இந்த இடத்தில் எழுதி எழுதி அடிக்கிறேன். அவரிடம் அதைச் சொல்ல முடியாமல் போவதற்கு நூறு சிரிப்பான தடைகளை வைக்கலாம். மடத்துப் பந்தியில் பாயசம் மூன்றாவது முறை வருவது உட்பட. ஆனால் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? அந்த வயதில் சமணக் காப்பியம் ஒன்றில் இறங்கியவர் 1880-ல் முதலியாரிடம் அப்படித் திணறியிருப்பாரா? அந்தத் திணறல் இல்லாவிட்டால் அந்த வேகம் வந்திருக்குமா? வளையாபதி கிடைத்து புறநானூறு போய்விட்டால்? உங்கள் நாயகி நிற்க வேண்டிய நாற்சந்தி இது. என் கருத்து, அவள் சொல்லக் கூடாது. வேறு கருத்துள்ளவர்களோடு வாதாட எப்போதும் தயார்.

இயந்திரமே இல்லாமல், நம் மரபுக் கதைகளிலேயே இந்த மாதிரி மீட்பு உண்டா?

ஏராளம். சம்பந்தர் மதுரையில் ஓலையைத் தீயில் இட, அது வேகாமல் பச்சையாக வந்ததாகவும், வைகையில் இட, எதிர்நீச்சல் போட்டுப் போனதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. ஓலைக்கு எதிரிகளான தீயையும் தண்ணீரையும் பாட்டே ஜெயிக்கிற கதை. தில்லையில் பூட்டிய அறையில் செல்லரித்த தேவார ஏடுகளை இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதாக ஒரு வரலாறு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது வைணவ ஆசாரியரான நாதமுனிகள் கதை. காட்டுமன்னார்கோயிலில் சிலர் "ஆராவமுதே" என்று நம்மாழ்வாரின் பத்துப் பாட்டுப் பாடுகிறார்கள். முடிவில் "ஆயிரத்துள் இப்பத்தும்" என்று வருகிறது. கேட்டவர்கள் எல்லாம் பாட்டில் உருகி நிற்க, இவர் ஒருவர் மட்டும் கணக்குக் கேட்கிறார்: அப்படியானால் மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூறு எங்கே? பாடியவர்களுக்குத் தெரியவில்லை. தேடிக்கொண்டு ஆழ்வார்திருநகரி போய், நம்மாழ்வாரின் சீடரான மதுரகவியின் பாசுரத்தைப் பன்னீராயிரம் முறை ஓதி, நம்மாழ்வாரையே நேரில் வரவழைத்து நாலாயிரத்தையும் பெற்றாராம். காலம் கடந்து ஆசிரியரிடமே நூலைக் கேட்டு வாங்குவது இதைவிட என்ன!

சாமிநாதையர், தாமோதரம் பிள்ளை போன்ற உண்மை மனிதர்களைக் கேலி செய்யலாமா?

அவர்கள் பேசலாம், கோபப்படலாம், நம் பயணியின் உடையைப் பார்த்து முகம் சுளிக்கலாம். சிரிப்பு நம் பயணியின் மேல்தான் விழ வேண்டும். தாமோதரம் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர், 1857-ல். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-ல் கொண்டுவந்தவர். அவரும் சிந்தாமணியைப் பதிப்பிக்க விரும்பினார், கும்பகோணம் வந்து சாமிநாதையரிடம் கேட்டும் பார்த்தார். இவர் இரவெல்லாம் மனம் குழம்பிக் கடைசியில் தர மறுத்துவிட்டார். இருவர் பக்கமும் நியாயம் இருந்த இடம் இது. யாரையும் சிறுமைப்படுத்தாமல் இதை எழுத முடிந்தால் உங்கள் கதை ஒரு படி மேலே போய்விடும்.

சிந்தாமணியின் சமணக் கருத்துகள் புரியாமல் சாமிநாதையர் தவித்தபோது உதவியவர்கள் கும்பகோணத்துச் சமணர்கள். அவர் போன வீட்டில் மாவிலைத் தோரணம். என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி படித்து இன்று பூர்த்தியாயிற்று என்கிறார்கள். அவர் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நூலை அதே ஊரில் ஒரு கூட்டம் பண்டிகையாகப் படித்து முடித்திருக்கிறது. இந்தக் காட்சியைக் கட்டாயம் வையுங்கள். ஒன்றும் சேர்க்க வேண்டாம்.

யாழ்ப்பாண நூலகத்தைக் காப்பாற்றும் அத்தியாயம் எழுதலாமா?

1981 மே 31 இரவு தொடங்கி எரிந்தது. சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. அதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். நகைச்சுவைக் கதையில் நான் அதைத் தொட மாட்டேன். தொட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அந்த அத்தியாயத்தில் சிரிப்பை முழுக்க நிறுத்திவிட்டு எழுதுங்கள், முதலில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தமிழை விட்டு வெளியே போகலாமா?

தாராளமாக. பழைய ஆங்கிலக் காப்பியமான பேயோவுல்ஃப் உலகத்தில் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் தப்பியது; 1731-ல் லண்டனில் அது இருந்த வீடு தீப்பிடித்து ஓரங்கள் கருகின. லுக்ரீஷியஸின் லத்தீன் காவியத்தை 1417-ல் ஒரு மடத்தில் பொக்கியோ என்ற இத்தாலிய அறிஞர் கண்டெடுத்தார். அங்கேயும் படி எடுத்த துறவிகள்தான் நாயகர்கள்.

எழுதத் தொடங்கும் முன் என்ன செய்ய வேண்டும்?

சாமிநாதையரின் என் சரித்திரத்தை முழுதாகப் படியுங்கள், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அப்புறம் ஒரு சுவடியை நேரில் பாருங்கள். சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரிலேயே நூலகம் இருக்கிறது, தஞ்சாவூரில் சரஸ்வதி மகால் இருக்கிறது. முடிந்தால் ஒரு காய்ந்த பனையோலையில் ஆணி ஒன்றால் ஒரே ஒரு குறளைக் கீறிப் பாருங்கள். இரண்டாவது சீர் வருவதற்குள் கட்டைவிரல் வலிக்கும், நரம்புக் குறுக்கே ஆணி வழுக்கும், ஓலை கிழியும். நானூறு பாட்டுக் கீறியவர்களை அதற்கப்புறம் நீங்கள் எழுதும் விதமே வேறாக இருக்கும்.

கதையை எங்கே முடிப்பது?

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் பூக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும் இடத்தில், சாமிநாதையருக்குக் கிடைத்த சுவடிகளில் சில பூப்பெயர்கள் உதிர்ந்திருந்தன. தருமபுரம் மடத்தில் தேடியபோது அவை உள்ள ஏடு கிடைத்தது. பத்துப்பாட்டு 1889-ல் அச்சானபோது பூக்கள் அத்தனையும் இருந்தன. நான் என் கதையை அந்தத் தருமபுரம் இரவில் முடிக்கிறேன். ராமபாணப் பூச்சி அந்த ஏட்டுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது, கதாநாயகி அதோடு யாப்பிலக்கண வாதம் செய்துகொண்டிருக்கிறாள், ஐயர் விளக்கோடு உள்ளே வருகிறார். நீங்கள் வேறு இடத்தில் முடியுங்கள்.